ஹாமில்டன் என்றால் எந்த ஹாமில்டன்?

புத்தகங்களுக்குப் பெயர் அட்டவணை போடுவது என் வேலை. ஹாமில்டன் மாதிரி பெயர் வந்தால் முதலில் வேற்றுமை உருபைப் பாருங்கள். 'ஹாமில்டனில்' என்றால் பெரும்பாலும் ஊர், 'ஹாமில்டனிடம்' என்றால் ஆள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். 'ஹாமில்டனின்' என்று வந்தால்தான் தலைவலி.

ஊர் என்று தெரிந்ததும் அக்கம்பக்கம் தேடுங்கள். வைகாட்டோ ஆறு வந்தால் நியூசிலாந்து. ஒன்டாரியோ ஏரியும் உருக்காலையும் வந்தால் கனடா. பெர்முடாவின் தலைநகருக்கும் இதே பெயர்தான். நியூசிலாந்து ஊருக்குப் பெயர் தந்தவர் 1864-இல் கேட் பா சண்டையில் இறந்த கடற்படை கேப்டன் ஜான் ஹாமில்டன். அதற்கு முந்தைய ஆண்டுச் செய்தி என்றால், அந்த ஊரைப் பட்டியலிலிருந்து தைரியமாக அடித்துவிடலாம்.

ஆள் என்றால் ஆண்டும் தொழிலும் பெரும்பாலும் போதும். அமெரிக்காவின் முதல் நிதிச் செயலர் அலெக்சாண்டர் 1804-இல் இறந்தார். அயர்லாந்துக் கணித அறிஞர் வில்லியம் ரோவன் குவாட்டர்னியன்கள் என்ற நான்கு கூறு எண்களைக் கண்டது 1843-இல். இயற்பியலில் ஆற்றலைக் குறிக்கும் 'ஹாமில்டோனியன்' என்ற சொல் இவர் பெயரில் வந்ததுதான், அதை இவருக்குக் கீழேயே போடுங்கள். மார்கரெட் ஹாமில்டன் விஷயத்தில் முதல் பெயரும் கைகொடுக்காது: ஒருவர் நடிகை, இன்னொருவர் அப்பல்லோ நிலவுப் பயணத் திட்டத்தின் மென்பொருள் பொறியாளர். சரி, தொழிலை அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு அடுத்த பதிவுக்குப் போங்கள்.