சோபாவுக்குப் புது மெத்தை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, சட்டத்தை அப்புறம் பார்ப்பதுதான் குஷன் வேலையில் அதிகம் நடக்கும் தவறு. உட்கார சுகமாக இருக்குமா என்பதைச் சட்டமும் உள்வேலையும்தான் முடிவு செய்கின்றன.

பழைய முறையில் சட்டத்தின் அடிப்பக்கம் சணல் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இழுத்து அடிப்பார்கள். அதன்மேல் சுருள் ஸ்பிரிங்குகளைத் தைத்து, ஒவ்வொன்றையும் எட்டுத் திசையிலும் கயிற்றால் கட்டுவார்கள். பிறகு சாக்குத்துணி, தேங்காய் நார், குதிரை முடி, பஞ்சு என்று அடுக்கு ஏறும். புது முறையில் நெளிக்கம்பி ஸ்பிரிங்கோ எலாஸ்டிக் பட்டையோ சட்டத்தின் மேல்விளிம்பில் உட்காரும், அதன்மேல் ஃபோம். இரண்டும் நல்ல முறைகளே. ஆனால் சட்டம் எந்த முறைக்காகச் செய்யப்பட்டதோ அதற்குத்தான் அது பொருந்தும். சுருள் ஸ்பிரிங்குக்கான ஆழமான சட்டத்தில் நெளிக்கம்பியை மாட்டினால் இருக்கையின் உயரமே மாறிவிடும். போதாததற்கு, அந்தக் கம்பியின் இழுவையை மெல்லிய பழைய மரம் தாங்காமல் பிளக்கலாம்.

பழைய குதிரை முடியைக் குப்பையில் போடுவது எனக்கு மனம் பொறுக்காத தவறு. அமுங்கிக் கட்டியாகிப்போன முடியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கையால் பிரித்துவிடுங்கள். அது மறுபடி எழும்பி நிற்கும். ஃபோமுக்கு அந்த மறுபிறவி கிடையாது. பழைய ஃபோமை விரலால் தேய்த்தால் தூளாக உதிரும்.

ஃபோம் வாங்கும்போது அழுத்திப் பார்த்து, "கெட்டியாக இருக்கிறது, உழைக்கும்" என்று நினைத்துவிடுகிறார்கள். கெட்டித்தனம் வேறு, அடர்த்தி வேறு. உழைப்பது அடர்த்தி. தினமும் உட்காரும் இருக்கைக்கு, கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறைந்த ஃபோமை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பிரிங்கின்மேல் நேரடியாக ஃபோமை வைக்கவும் கூடாது. கம்பி அதை அரித்துத் தின்றுவிடும். நடுவே தடித்த சாக்குத்துணி கட்டாயம் வேண்டும்.

பழைய துணியைக் கழற்றாமல் அதன்மேலேயே புதுத்துணி அடிப்பதும் தவறுதான். உள்ளே அறுந்த பட்டை அப்படியே மறைந்துபோகும்.

வெல்வெட் போட்டால் எல்லாத் துண்டுகளின் இழையும் ஒரே பக்கம் படிய வேண்டும்: முதுகில் மேலிருந்து கீழாக, இருக்கையில் பின்னிருந்து முன்னாக. ஒரு துண்டு மாறினாலும் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் பின்புறமும் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.