இங்க்ஜெட் பிரிண்டரில் ஹெட் அடைக்காமல் இருக்க: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

அவசரமாக ஒரு படிவம் அச்சிட வேண்டும். பிரிண்டரைப் போடுகிறீர்கள். அது நிதானமாகக் கரகரத்து, காகிதத்தை இழுத்து, வரிக்கு வரி வெள்ளைக் கோடு விழுந்த ஒரு பக்கத்தை வெளியே தள்ளுகிறது. புகைப்படம் என்றால் எல்லோர் முகத்திலும் பச்சை பாய்ந்திருக்கும். போன மாதம் நன்றாகத்தானே ஓடியது என்று தோன்றும். ஓடியதுதான். அதற்கப்புறம் ஒரு மாதமாக ஓடவே இல்லை, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

என் முதல் பிரிண்டரை நானே கெடுத்தேன். ஒரு நாள் ராத்திரி கறுப்பு வரவில்லை என்று, தாளில் இங்க்கைத் தெளிக்கும் பாகமான ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் பட்டனை அழுத்தினேன். சரியாகவில்லை. மறுபடி அழுத்தினேன். ஏழு தடவை அழுத்தியதில் அடைப்பு அப்படியே இருந்தது, இங்க் மட்டும் தீர்ந்துபோனது. இப்போது இருக்கும் பிரிண்டரில் அந்தத் தொல்லை அபூர்வம். நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

பிரிண்டர் ஹெட்டின் அடிப்பக்கத்தில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. இவற்றுக்கு நாசில் என்று பெயர். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், இந்தத் துளைகள் அதைவிடச் சின்னவை. அவற்றிலிருந்து தெறிக்கும் ஒவ்வொரு துளியும் சில பிகோலிட்டர்தான். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஒரு பிகோலிட்டர். இவ்வளவு சின்னத் துளையின் வாயில் இங்க் கொஞ்சம் காய்ந்தாலே போதும், கதவு சாத்தியது போலாகிவிடும்.

துளியைத் தெறிக்க வைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. எச்பி, கேனான் வீட்டுப் பிரிண்டர்களில் ஒரு குட்டி ஹீட்டர் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகச் சூடேறி, இங்க்கில் ஒரு குமிழை உண்டாக்கும். அந்தக் குமிழ் துளியை வெளியே தள்ளும். எப்சன், பிரதர் பிரிண்டர்களில் சூடு இல்லை. மின்சாரம் பட்டால் வளையும் ஒரு பீசோ படிகம் இங்க்கைப் பிதுக்கித் தள்ளும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது பிறகு உதவும்.

அச்சிடாத நேரத்தில் ஹெட் ஓர் ஓரத்தில் போய் நிற்கும், பெரும்பாலும் வலது பக்கம். அங்கே ரப்பர் விளிம்பு வைத்த ஒரு சின்னத் தொட்டி மேலே எழும்பி ஹெட்டின் அடியை மூடிக்கொள்ளும். பேனாவுக்கு மூடி போடுவது போலத்தான். அதன் பெயர் கேப். அதற்குப் பக்கத்தில் ஹெட்டைத் துடைக்க ஒரு ரப்பர் பட்டை, அடியில் இங்க்கை உறிஞ்சும் ஒரு பம்ப், அந்த இங்க் போய்ச் சேர ஒரு பஞ்சு. இந்த மூலையைக் கெடுக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: பிரிண்டரின் சொந்தப் பட்டனில் மட்டும் அணையுங்கள்

நாம் எல்லோரும் செய்யும் தவறு இது. வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிவிடுவோம். கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர் எல்லாம் ஒரே நீட்டிப்புப் பெட்டியில் இருந்தால் இன்னும் வசதி, ஒரே தட்டில் எல்லாம் அணைந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் ஹெட் கேப்புக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? நடுவழியில் மின்சாரம் போனால் ஹெட் திறந்தபடி காற்றில் கிடக்கும். விடிவதற்குள் ஓரத்து நாசில்கள் காய ஆரம்பித்திருக்கும்.

பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தினால் அது ஹெட்டை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், மூடி போட்டு, அப்புறம்தான் அணையும். அந்தச் சில நொடிச் சத்தம் முழுவதுமாக நின்ற பிறகு சுவர் சுவிட்சை அணைக்கலாம். அணைக்காமல் விட்டாலும் நல்லதுதான். சில மாடல்கள் மின் இணைப்பில் இருக்கும்போது அவ்வப்போது தாமாகவே பராமரிப்பு செய்துகொள்ளும்.

அச்சிடும் நடுவில் கரண்ட் போய்விட்டால்? வந்ததும் ஒரு தடவை பிரிண்டரைப் போட்டு, அது தன் சடங்குகளை முடித்ததும், பட்டனிலேயே அணைத்துவிடுங்கள்.

படி 2: வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கம்

துளை காயாமல் இருக்க நல்ல வழி அதன் வழியாக இங்க் போய்க்கொண்டிருப்பது. வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கறுப்பு எழுத்து மட்டும் உள்ள பக்கத்தை அச்சிட்டால் கறுப்பு நாசில்கள்தான் வேலை செய்யும். மற்ற மூன்று நிறங்களும் சும்மா கிடந்து காயும். 'தினமும் அச்சிடுகிறேனே, எப்படி அடைத்தது?' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தினமும் கறுப்பு மட்டும் அச்சிடுபவர்கள்.

ஆகவே ஒரு கோப்பு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் சயன் எனப்படும் வெளிர்நீலம், மெஜந்தா எனப்படும் அடர் இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பட்டைகள், ஒவ்வொன்றும் விரல் அகலத்துக்கு. சாதாரணத் தாளில், வண்ண அச்சு என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். முழுப் பக்கத்தையும் நிரப்ப வேண்டாம், அது வீண். பிரிண்டரிலேயே இருக்கும் நாசில் செக் பக்கமும் இந்த வேலைக்கு நல்லது. இங்க் மிகக் குறைவாகச் செலவாகும், எந்த நிறத்துக்கு உடம்பு சரியில்லை என்பதும் தெரிந்துவிடும். நான் கைப்பேசியில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன். மூன்று ஞாயிறு தவறினால் நான்காவதில் பயந்துகொண்டே போடுவேன்.

வெளியூர் போவதாக இருந்தால் கிளம்பும் அன்று அந்தப் பக்கத்தை ஒரு தடவை அச்சிட்டு, பட்டனில் அணைத்துவிட்டுப் போங்கள். இங்க் உள்ள கார்ட்ரிட்ஜைக் கழற்றி டப்பாவில் வைப்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். அது பிரிண்டரிலேயே இருந்து, ஹெட் கேப்புக்குள் இருப்பதுதான் பாதுகாப்பு.

படி 3: இடமும் காகிதமும்

வெயில் விழும் சன்னல், ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், இரண்டும் ஆகாது. உபயோகமில்லாதபோது ஒரு துணி போட்டு மூடுங்கள். பின்பக்கக் காகிதத் தட்டு மேலே திறந்தே இருக்கும் மாடல்களில் தூசி நேராக உள்ளே இறங்கும், அதையும் மூடி வைக்க வேண்டும். ஓரம் சுருண்ட தாளைப் போடாதீர்கள். அது ஹெட்டின் அடியில் உரசி, நார்களை நாசிலில் அப்பிவிட்டுப் போகும்.

படி 4: இங்க்கை அடி தொட விடாதீர்கள்

பாட்டிலிலிருந்து இங்க் ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டரில் கீழ்க்கோடு ஒன்று போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போனால் குழாய்க்குள் காற்று ஏறும். ஏறிய காற்றை வெளியேற்ற வைக்கும் கிளீனிங், நாம் மிச்சம் பிடித்த இங்க்கைப் போல எத்தனையோ மடங்கு குடித்துவிடும். ஹீட்டர் வகை ஹெட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. அந்த ஹீட்டரைக் குளிர்விப்பதே அதன் மேல் ஓடும் இங்க்தான். இங்க் இல்லாமல் அச்சிட்டுக்கொண்டே இருந்தால் ஹீட்டர் கருகிவிடும். அதன்பின் எந்த வைத்தியமும் எடுபடாது.

இங்க்கில் டை, பிக்மெண்ட் என்று இரண்டு வகை. டை நீரில் சர்க்கரை போலக் கரைந்திருக்கும். பிக்மெண்ட் நீரில் மிதக்கும் பொடி. பொடி என்பதால் காய்ந்தால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பல வீட்டுப் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மெண்ட், மற்றவை டை. டை இருந்த டேங்கில் பிக்மெண்டை ஊற்றுவது, ஒரு வகையோடு இன்னொன்றைக் கலப்பது, இரண்டையும் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே கட்டி தட்டினால் அதைக் கரைத்து எடுப்பது பெரும்பாடு.

அடைத்தே விட்டது, இப்போது என்ன?

எடுத்தவுடன் கிளீனிங் பட்டனுக்குப் போகாதீர்கள். முதலில் நாசில் செக் ஒன்று எடுங்கள். மெல்லிய கோடுகளாலான ஒரு வலை ஒவ்வொரு நிறத்திலும் வரும். எங்கே கோடு விட்டுப் போயிருக்கிறது என்று பாருங்கள். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடுகள் கண்ணுக்கே தெரியாது. நீல நிறக் கண்ணாடித்தாள் ஒன்றை மேலே வைத்துப் பார்த்தால் மஞ்சள் கறுப்பாகத் தெரியும், விடுபட்ட இடமும் பளிச்சென்று தெரிந்துவிடும். வலை முழுசாக இருந்தும் அச்சு மோசம் என்றால் அடைப்பு இல்லை. தாள் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அல்லது ஹெட் அலைன்மெண்ட், அதாவது நிறங்களும் கோடுகளும் நேராக விழும்படி சரிசெய்வது, தேவைப்படும். புதிய கார்ட்ரிட்ஜ் என்றால் அதன் மேல் ஒட்டிய டேப்பை உரித்தீர்களா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் மறந்திருக்கிறேன்.

வலையில் ஓட்டை இருந்தால் ஒரு கிளீனிங், உடனே ஒரு நாசில் செக். முன்னேற்றம் இருந்தால் இன்னொன்று. மொத்தம் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. அதோடு பிரிண்டரைப் பட்டனில் அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

இதைத்தான் நம்ப மாட்டோம். ஆனால் அந்த ஒரு ராத்திரி இரண்டு வேலை செய்கிறது. உள்ளே வந்த புது இங்க் காய்ந்த இங்க்கை ஊறவைத்து இளக்குகிறது. பம்ப் வேகமாக உறிஞ்சியதில் உண்டான காற்றுக் குமிழ்களும் அடங்குகின்றன. இடைவிடாமல் கிளீனிங் போட்டால் குமிழ்கள் கூடும், நல்லாயிருந்த நாசில்களும் நின்றுபோகும். என் ஏழு தடவை கதையில் நடந்தது அதுதான். போதாததற்கு, உறிஞ்சிய இங்க் எல்லாம் அந்த அடிப் பஞ்சில் போய்ச் சேர்கிறது. அது நிறைந்துவிட்டது என்று பிரிண்டர் கணக்குப் போட்டால், பஞ்சை மாற்றும்வரை அச்சிடவே மறுத்துவிடும்.

மறுநாள் நாசில் செக் எடுக்கும்போது முந்தின நாள் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஓட்டைகள் இடம் மாறியிருந்தால் அது காற்று. இன்னும் சில மணி நேரம் காத்திருந்தால் சரியாகும். அதே இடத்தில் அச்சு அசலாக நின்றால் காய்ந்த அடைப்பு. கையால் செய்ய வேண்டியதுதான்.

கையால் சுத்தம் செய்வது

தேவையானவை: காய்ச்சி வடித்த நீர், நார் உதிராத துணி அல்லது கெட்டியான டிஷ்யூ, கையுறை. குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்து, நாமே ஒரு புது அடைப்பை வைத்தது போலாகிவிடும்.

உங்கள் கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டில் செப்பு நிறத் தொடுபுள்ளிகளும் அடியில் ஒரு சின்னத் தகடும் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. ஹெட் அந்தக் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. கழற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியின் மேல் அந்தத் தகடு படும்படி இரண்டு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். அப்புறம் காய்ந்த டிஷ்யூவில் மெதுவாக ஒற்றுங்கள். பளிச்சென்று இங்க் பட்டை விழுந்தால் வழி திறந்துவிட்டது. தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். செப்புப் புள்ளிகளை ஈரம் போகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இதற்கும் மசியவில்லை என்றால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிதாகிவிடும்.

ஹெட் பிரிண்டரோடு பொருத்தப்பட்டிருந்தால் கேப்பில் நீர் விடும் முறை இருக்கிறது. ஒரு பக்கத்தை அச்சிட அனுப்பி, ஹெட் நடுவுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். படி 1-இல் கூடாது என்று சொன்னதை வேண்டுமென்றே செய்கிற ஒரே சந்தர்ப்பம் இது. ஹெட் விலகியதும் ஓரத்தில் கேப் தெரியும். அதில் சொட்டுச் சொட்டாக நீர் விடுங்கள், விளிம்பு தாண்டக் கூடாது. அப்புறம் ஹெட்டை விரலால் மெல்ல அதன் இடத்துக்கே தள்ளி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். எங்காவது முட்டினால் அழுத்தித் தள்ள வேண்டாம், அங்கேயே நிறுத்துங்கள். காலையில் பிளக்கைச் செருகி, ஒரே ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக்.

ஊசியால் குத்துவது, சிரிஞ்சில் வேகமாக நீர் அடிப்பது, நகச்சாயம் அகற்றும் திரவம், கொதிக்கும் நீர் ஆகியவற்றைப் பரிந்துரைக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. சிலருக்குப் பலித்திருக்கலாம். ஹெட்டில் ஒட்டப்பட்ட பசையும் நுண்துளைத் தகடும் அதைத் தாங்கும் என்று நான் நம்பத் தயாரில்லை.

இரண்டு மூன்று ராத்திரி இப்படிச் செய்தும் அதே நாசில்கள் அசையாமல் நின்றால், அது அடைப்பாக இல்லாமல் மின்சாரப் பழுதாக இருக்கலாம். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன், ஹெட் மாற்றும் செலவு புது பிரிண்டர் விலையில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதத்துக்கு நாலு பக்கம், அதுவும் கறுப்பு எழுத்து மட்டும்தான் உங்கள் தேவை என்றால் அடுத்ததாக லேசர் பிரிண்டர் வாங்குங்கள். அதில் இருப்பது டோனர் பொடி. ஆறு மாதம் கழித்துப் போட்டாலும் காய்வதற்கு அதில் ஈரமே இல்லை.