சால்டரிங் இல்லாமல் எல்இடி ஸ்ட்ரிப் இணைக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நண்பரின் தம்பி கிளிப் கனெக்டர் (ஸ்ட்ரிப்பின் நுனியைச் சொருகி மூடியை அழுத்தி மூடும் சின்ன இணைப்பான்) போட்டு ஸ்ட்ரிப் இணைத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கிளிப்பின் அகலம் ஸ்ட்ரிப்புக்குப் பொருந்தவில்லை, பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. ப்ளஸ், மைனஸ் மாறிப்போவதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது மாட்டிய உடனே தெரிந்துவிடும். உடனே தெரியாத தவறுதான் செலவு வைக்கும்.

அகலம் பார்க்காமல் கனெக்டர் வாங்குவது

எல்லோரும் பின் (இணைப்பு முனை) எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். ஒற்றை நிறத்துக்கு 2 பின், நிறம் மாறும் ஆர்ஜிபிக்கு 4 பின். சரி, அகலம்? 8 மி.மீ., 10 மி.மீ., 12 மி.மீ. என்று ஸ்ட்ரிப்பில் பல உண்டு. 8 மி.மீ. ஸ்ட்ரிப்பை 10 மி.மீ. கிளிப்பில் சொருகினால் உள்ளே போகும், மூடியும் 'டக்'கென்று மூடும், விளக்கும் எரியும். மூடியைத் திறந்து உற்றுப் பாருங்கள். கிளிப்பின் உலோக நாக்கு செம்புப் பேடின் (ஸ்ட்ரிப்பின் நுனியில் மின்சாரம் ஏறும் செம்புப் பட்டை) நடுவில் உட்காராமல் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்.

மீட்டருக்கு 9.6 வாட் இழுக்கும் 12 வோல்ட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் என்றால் 48 வாட், அதாவது 4 ஆம்ப். அவ்வளவும் அந்த ஓரத்தின் வழியாகப் போக வேண்டும். தொடும் பரப்பு குறைந்தால் மின்தடை கூடும், அந்த இடம் சுடும், சுடச்சுடப் பிடி இன்னும் தளரும்.

நான் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒட்டி, பத்து நிமிடம் எரியவிட்டுப் பார்த்து, பலகையை மூடிவிட்டேன். மூன்றாவது வாரம் ஒரு பக்கம் மினுக்கியது. அடாப்டரை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் பெயின்ட் அடித்து முடித்த பலகையை அறுத்துத்தான் திறந்தேன். கிளிப் பழுப்பேறியிருந்தது, கழற்றும்போது பேட் ஸ்ட்ரிப்பை விட்டு உரிந்தே வந்துவிட்டது. கருகிய மூன்று விளக்குத் துண்டை வெட்டியதும் மூலையில் 2.5 செ.மீ. இருட்டு. ஸ்ட்ரிப், பலகை, பெயின்ட் எல்லாம் மறுபடி வாங்கினேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் ஸ்கேல் கையில்தான் இருந்தது.

அளந்து வாங்குங்கள். மாட்டிய பின் ஒரு மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, கிளிப்பைத் தொட்டுப் பாருங்கள், லேசாக ஆட்டியும் பாருங்கள். சுட்டாலோ மினுக்கினாலோ மூடாதீர்கள்.

சிலிக்கான் பூச்சின் மேலேயே கிளிப் மாட்டுவது

தண்ணீர் படாமலிருக்க சில ஸ்ட்ரிப்பின் மேல் வரும் இந்தப் பூச்சைச் சாதாரணக் கிளிப் துளைக்காது. நுனியில் பேட் வரை பூச்சைச் சீவி எடுத்து, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகு மாட்டுங்கள்.

ஸ்ட்ரிப்போடு ஸ்ட்ரிப்பாகக் கோத்துக்கொண்டே போவது

12 வோல்ட்டில் 5 மீட்டர் தாண்டினால் கடைசி விளக்குகள் மங்கும். மொத்தச் சுமையும் முதல் கிளிப் வழியாகவே போக வேண்டியிருக்கும். அடுத்த ஸ்ட்ரிப்புக்கு அடாப்டரிலிருந்து தனி ஒயர் இழுங்கள்.

கோடு தாண்டி வெட்டுவது

வெட்டுவதற்கென்று ஸ்ட்ரிப்பில் போட்டிருக்கும் கோட்டை விட்டு வெட்டினால் அந்தத் துண்டு எரியாது.

மூலையில் ஸ்ட்ரிப்பை மடிப்பது

வேண்டாம். இரண்டு கிளிப், நடுவில் கொஞ்சம் ஒயர்.