வீட்டு வரியில் ஒற்றை எழுத்துத் தகராறு

அப்பா போய் மூன்று வருடமாகியும் வீட்டு வரி ரசீது அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவேன், ரசீதை மடித்து வைப்பேன், அவ்வளவுதான். குடிநீர் இணைப்புக்கு மனு எழுதியபோதுதான், ரசீது என் பெயரில் இல்லாதது சிக்கலானது.

இறப்புச் சான்று, தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்று, பத்திர நகல், பாக்கியில்லாத ரசீது எல்லாம் இணைத்துப் பேரூராட்சியில் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தேன். மனு திரும்பி வந்தது. வரிப் பதிவேட்டில் அப்பாவின் தலைப்பெழுத்து 'கோ', இறப்புச் சான்றில் 'ஜி'. தாத்தா கோபால், யாரோ ஆங்கில எழுத்தை அப்படியே தமிழில் எழுதிவிட்டார்கள்!

பில் கலெக்டர்தான் வழி சொன்னார். "ரெண்டும் ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட அஃபிடவிட் வாங்கிட்டு வாங்க சார்." அதோடு, தாத்தா பெயர் முழுதாக இருந்த அப்பாவின் பழைய பள்ளிச் சான்றிதழையும் வைத்தேன். அம்மா, தங்கை இருவரின் சம்மதக் கடிதமும் கேட்டார்கள், கொடுத்தேன்.

அடுத்த ரசீது என் பெயரில் வந்தது. வரி ரசீது சொத்துரிமைக்கு ஆதாரமாகாது. பட்டா மாற்றத்துக்குத் தனியாக அலைய வேண்டும். அஃபிடவிட்டில் இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன், அங்கேயும் இந்த 'ஜி' வரும்.