பகல் கச்சேரிக்கும் அபராதம் உண்டு: புதுவை, கடலூரிலிருந்து பிரான்ஸ் வந்திருப்போருக்கு

முத்தியால்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ தெருவை அடைத்துப் பந்தல் போட்டு இன்னிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள், பிரான்சில் வீடு பிடித்ததும் முதலில் கைவிட வேண்டியது, "இரவு பத்து மணி வரை யாரும் தட்டிக் கேட்க முடியாது" என்னும் நம்பிக்கையைத்தான். ஊரிலும் அது சட்டமன்று. இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், அதன் பின் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்துள்ளன. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் முன் அனுமதியும் வேண்டும். நடைமுறையில் நமக்குப் பழகிப்போனது பத்து மணிக் கணக்கு மட்டுமே.

பிரான்சின் பொதுச் சுகாதாரச் சட்டத் தொகுப்பு வேறு வகையில் பேசுகிறது. நெடுநேரம் நீடிப்பது, திரும்பத் திரும்ப வருவது, மிக உரக்க ஒலிப்பது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றால் அண்டை வீட்டாரின் அமைதி கெட்டாலே குற்றம். பகலா இரவா என்பது பொருட்டன்று. வீட்டு விழாவின் ஓசையைக் கருவி வைத்து அளக்க வேண்டியதும் இல்லை. பாரிஸ் புறநகரில் எங்கள் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் மஞ்சள் நீராட்டு விழா நடந்தபோது, மாலை நாலரை மணிக்கு வாசலில் வந்து நின்ற இரண்டு காவலர்களிடம் சித்தப்பா தம் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். "மைக் கூட இல்லையே, வெறும் தவில்தானே" என்றும் சொல்லிப் பார்த்தார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு 68 யூரோவுக்குச் சீட்டு எழுதினார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனால் அபராதம் 450 யூரோ வரை உயரலாம். இசைக்கருவியையும் ஒலிபெருக்கியையும் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. இரவுக் கூச்சல் என்பது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை என்று அதைப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்.

லிஃப்டில் "சனிக்கிழமை எங்கள் வீட்டில் விழா, பொறுத்துக்கொள்ளவும்" என்று தாள் ஒட்டுவது நல்ல வழக்கம், நானும் ஒட்டுவேன். ஆனால் அந்தத் தாள் அனுமதிச் சீட்டு ஆகாது.

சங்கம் வைத்து, மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) அனுமதி வாங்கித் திடலில் கச்சேரி நடத்துவோருக்குத்தான் டெசிபல் கணக்கு வருகிறது. அங்கும் நம் ஊர் 55 போல நிலையான எண் கிடையாது. இசை இல்லாதபோது இருக்கும் ஓசைக்கும், இசையோடு சேர்ந்த ஓசைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். அந்த வித்தியாசம் பகலில் 5, இரவு 10 முதல் காலை 7 வரை 3 டெசிபலைத் தாண்டக்கூடாது. குறைந்த நேர நிகழ்ச்சிக்குச் சற்றுச் சலுகை உண்டு. அண்டை வீட்டருகே ஏற்கெனவே 42 டெசிபல் இருந்தால், நீண்ட பகல் கச்சேரிக்கு 47தான் எல்லை. ஆகவே வண்டி ஓயாத சாலையோரத்தில் தப்பிக்கும் அதே நாதசுரம், வயல் சூழ்ந்த சிற்றூரில் எளிதில் மாட்டிக்கொள்ளும். அமைதியான ஊர் என்று தேடிப் போய்த் திடல் பிடிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஜூன் 21ஆம் தேதி இசைத் திருநாளைக் கண்டு ஏமாற வேண்டாம். 1982 முதல் நடந்துவரும் அவ்விழா புதுச்சேரிக்கும் வந்துவிட்டதால், பிரான்சில் ஆண்டெல்லாம் தெருமுனையில் வாசிக்கலாம் என்று நம்மவர் சிலர் எண்ணுகிறார்கள். அந்த இரவுக்கும்கூட எத்தனை மணி வரை வாசிக்கலாம் என்று மேரிகள் ஆணை பிறப்பிப்பதுண்டு.

தவிலும் பறையும் இல்லாமல் விழா ஆகாது என்போர், மேரியின் விழா மண்டபத்தை வாடகைக்கு எடுப்பதே மேல். முன்பணம் கட்டுமுன் அங்கே ஒலிக்கட்டுப்பாட்டுக் கருவி உண்டா என்று கேளுங்கள். ஓசை வரம்பைத் தாண்டினால் அது பிளக்குகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். சில மண்டபங்களில் கதவைத் திறந்து வைத்தாலே நிறுத்திவிடும். தவில் உச்சத்துக்குப் போகும்போது கீபோர்டும் மைக்கும் ஒன்றாக அணைந்துபோகும், ஆகவே வித்வானைத் தூண்டும் மாமாக்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.