இருட்டில் மட்டும் வாய் முந்தியது

கையில் காசில்லாமல் ஒரு பேய் ராப் பாட்டு வீடியோ எடுத்தோம். பகல் காட்சி பாலாற்று மணலில், ராத்திரி காட்சி காட்பாடி பக்கம் பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டில். கேமரா என் போன்தான். பேய்க்கு முகத்தில் அரிசி மாவு (வேலூர் வெக்கையில் வேர்த்தால் பசையாகிவிடும், பவுடரே மேல்).

எடிட்டில்தான் தலைவலி. முதல் வரிக்கு உதடு பாட்டோடு ஒட்டும். போகப் போக வாய் முந்திக்கொண்டு ஓடும். ராப்பில் இதை மறைக்கவே முடியாது. ஷூட்டில் பாட்டு ஓடிய ப்ளூடூத் ஸ்பீக்கர் தாமதமோ என்று வயர் மாட்டி மறுபடி எடுத்தோம். அதே கதை. எடிட்டிங் ஆப்பை மாற்றினேன், கிளிப்பைத் துண்டு துண்டாக வெட்டி நகர்த்தினேன். பலனில்லை.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: ஆற்று மணல் ஷாட் எதிலும் பிசகே இல்லை, இருட்டு வீட்டு ஷாட்டில் மட்டும்தான். ஃபைல் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்தால் ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) மோட் ‘வேரியபிள்’, அதாவது மாறிக்கொண்டே இருப்பது. வெளிச்சம் குறைந்ததும் போன் தானாகவே 30 ஃபிரேமை 24 பக்கம் இறக்கியிருக்கிறது. எடிட்டரோ எல்லாவற்றையும் 30 என்றே ஓட்டியது.

வீடியோவை மாற்றித் தரும் இலவச ஹேண்ட்பிரேக்கில் வீடியோ பகுதிக்குப் போய் ஃபிரேம் ரேட் 30, ‘கான்ஸ்டன்ட்’ (மாறாதது) என்று வைத்து மாற்றினேன். கடைசி வரி வரை உதடு ஒட்டியது. அப்பாடா!

அடுத்த ஷூட்டுக்கு முன்பே போனில் இருட்டில் ஃபிரேமைத் தானாகக் குறைக்கும் ‘ஆட்டோ எஃப்பிஎஸ்’ஸை அணைத்துவிட்டேன். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டரை 1/50 நொடியில் நிறுத்தினால் டியூப்லைட் வெளிச்சத்தால் வீடியோவில் வரும் கோடுகளும் ஓடாது.