கேட்பு வேறு, வசூல் வேறு: மந்த காலத்து மாகாண பட்ஜெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள் வீட்டுச் செலவை மார்ச் மாத மீன்பாட்டை வைத்து எந்த விசைப்படகுக்காரரும் கணக்குப் போட மாட்டார். அங்கிருந்து தெற்கே, ஜார்ஜ் டவுனைத் தாண்டினால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. 1929-க்குப் பிறகு உலகப் பெருமந்தம் வந்தபோது சென்னை மாகாணத்தின் வரவு செலவை அங்கேதான் எழுதினார்கள். அப்படிப்பட்ட காலத்தில் கணக்கு எழுதுகிறவர் எங்கே சறுக்குவார்?

பெரிய தவறு, கேட்பை, அதாவது கட்டச் சொல்லி விதித்த தொகையை, வரவு என்று நினைப்பது. வருவாய்த்துறையில் வேலை பார்த்தவர்களுக்கு ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்ற மூன்று கட்டமும் அத்துப்படி. மாகாணத்தின் பெரிய வரவு நிலவரி. ரயத்துவாரி நிலத்தில், அதாவது விவசாயி நேரடியாக அரசுக்கு வரி கட்டும் நிலத்தில், அது விளைச்சலில் பங்கு அல்ல. ஏக்கருக்கு இவ்வளவு என்று பல வருடம் முன்பே ரூபாயில் நிர்ணயித்தது. நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தும் அந்தத் தீர்வை (நிலவரி) அப்படியே நின்றது. 5 மூட்டை விற்றுக் கிஸ்தி (வரித் தவணை) கட்டியவர் இப்போது 10 மூட்டை விற்க வேண்டும். பதிவேட்டின் கேட்புக் கட்டத்திலோ பழைய தொகையே இருக்கும், பார்வைக்கு எல்லாம் சரிதான். வம்பெல்லாம் நிலுவையில். போதாததற்கு நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும், நிதியாண்டு ஏப்ரலில். ஒரே பசலியின் வசூல் இரண்டு பட்ஜெட்டில் விழுவதால் சரிவின் ஆழம் சட்டென்று பிடிபடாது. பற்றாக்குறையை அடைக்கத் தீர்வையை உயர்த்துவது இன்னும் மோசம். கிருஷ்ணா, கோதாவரி மாவட்டங்களில் தீர்வை உயர்வை எதிர்த்து விவசாயிகள் கிளர்ச்சியே செய்தார்கள்.

கள்ளு, சாராய வரவும் அப்படித்தான். ஆலைக் கூலி குறைந்தால் கடைப்பக்கம் ஆள் குறையும். காங்கிரஸின் கள்ளுக்கடை மறியல் வேறு. மந்திரிகளும் கவர்னரும் துறைகளைப் பங்கிட்டுக்கொண்ட இரட்டையாட்சியில் கலாலும் (மது வரி) கல்வியும் மந்திரிகளிடம், நிதி மட்டும் கவர்னரின் நிர்வாகக் குழுவிடம். போன வருடக் கள்ளுக்கடை ஏலத்தொகையை நம்பிப் பள்ளிக்கூடச் செலவை எழுதிய மந்திரி, பிறகு நிதிப் பொறுப்பாளரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அப்புறம் கையிருப்பு. அன்று மாகாணத்தின் ரொக்கம் இந்திய அரசின் இருப்போடு சேர்ந்தே கிடந்தது. தனிப் பெட்டி கிடையாது. பஞ்ச நிவாரணத்துக்கென்று ஒதுக்கியதையும் சேர்த்து ‘கையில் இருக்கிறது’ என்று எழுதினால், மழை பொய்த்த வருடம் மாட்டிக்கொள்வோம். நல்ல காலத்திலேயே சேர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். மத்திய, மாகாண நிதிப் பங்கீட்டுக்கான மெஸ்டன் ஏற்பாட்டின்படி மாகாணங்கள் மத்திய அரசுக்கு வருடம் 983 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அதில் 348 லட்சம் சென்னையின் தலையில். 1920களின் கடைசியில்தான் அந்தச் சுமை முழுதாக இறங்கியது. இறங்கிய கையோடு மந்தம்.

சிக்கனத்தில் எதை வெட்டுவது? 1931-இல் இந்திய அரசு சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தது. குமாஸ்தா குடும்பங்களுக்கு அது வலி, ஆனாலும் அடுத்த வருடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏரிக்கரை, மதகு மராமத்தில் கை வைத்தால் அப்படித் திருப்ப முடியாது. கரை உடைந்து பயிர் போன ஊருக்கு ஜமாபந்தியில் (வருடாந்திர வரிக்கணக்குத் தணிக்கை) வஜா (வரித் தள்ளுபடி) கொடுத்தே ஆக வேண்டும். அப்போது கேட்புக் கட்டமே சுருங்கும்.